ஷூ கலருக்கு வாட்ச் பெல்ட் ‘மேட்ச்’ ஆகணுமா? - ஓசூர் வேலைக்குக் கிளம்புகிறவர்களை மிரட்டும் ஒரு ரூல்

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துவிட்டால் போதும், பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். லைட் கலர் முழுக்கைச் சட்டை, டார்க் பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ, ஷூ கலரிலேயே இடுப்பு பெல்ட், கடைசியாக அதே கலரில் வாட்ச் பெல்ட். சட்டை, பேன்ட் எப்படியும் இருக்கும். ஷூவை அண்ணனிடமோ நண்பனிடமோ கடன் வாங்கிவிடலாம். கடைசி ஐட்டத்தில்தான் பல பேர் தடுக்கி நிற்கிறார்கள். ஏனென்றால் கையில் இருப்பது ஒரே ஒரு வாட்ச். அதுவும் பெரும்பாலும் செயின் வாட்ச், இல்லாவிட்டால் ரப்பர் பட்டையோடு ஒரு ஸ்மார்ட் வாட்ச்.

காவேரிப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டதும் பூம்புகார் பக்கம் போய்விட வேண்டாம். இது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தேசிய நெடுஞ்சாலையில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சி. காவிரிக்கும் இந்த ஊருக்கும் பெயரில் மட்டும்தான் சம்பந்தம். மாம்பழத்துக்கும் நிப்பட்டுக்கும் பெயர் போன ஊர். இங்கிருந்து ஓசூர் சுமார் 60 கிலோமீட்டர். பர்கூர், போச்சம்பள்ளி இன்னும் பக்கம். டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்த பிள்ளைகளுக்கு ‘வேலை’ என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது இந்தத் தொழிற்சாலைகள்தான். வீட்டில் முதல் ஆளாக இன்டர்வியூ என்ற ஒன்றுக்குப் போகிறவர்கள் இதில் நிறைய. அவர்களிடம் போய், ‘பிரவுன் ஷூவுக்குக் கறுப்பு வாட்ச் பெல்ட் போட்டால் இம்ப்ரஷன் போச்சு’ என்று சொன்னால் என்ன ஆகும்? பயம்தான் வரும். அந்தப் பயத்துக்கு அவசியம் இல்லை.

ரூல் என்ன சொல்கிறது?

ரொம்பச் சின்ன விஷயம். உடம்பில் தெரியும் தோல் பொருள்கள் எல்லாம் ஒரே குடும்பத்து நிறத்தில் இருக்க வேண்டும். ஷூ கறுப்பு என்றால் இடுப்பு பெல்ட்டும் வாட்ச் பெல்ட்டும் கறுப்பு. ஷூ பிரவுன் என்றால் அவையும் பிரவுன். அச்சு அசலாக அதே பிரவுன் தேவையில்லை. வெளிர் பிரவுனும் அடர் பிரவுனும் சேர்ந்து நிற்கும். கறுப்பும் பிரவுனும் கலந்தால்தான் உறுத்தும் என்பது கணக்கு. இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு விதியும் உண்டு: இடுப்பு பெல்ட்டின் பக்கிள் வெள்ளி நிறமாக இருந்தால் வாட்ச் கேஸும் வெள்ளி நிறம், தங்க நிறமாக இருந்தால் அதுவும் தங்க நிறம்.

அவ்வளவுதான் மேட்டர். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த விதி தோல் பெல்ட்டுக்கு மட்டும்தான். ஸ்டீல் செயினுக்குக் கிடையாது. செயின் வாட்ச் கறுப்பு ஷூவுக்கும் போகும், பிரவுன் ஷூவுக்கும் போகும். அதாவது, காவேரிப்பட்டினத்துப் பையனின் கையில் ஏற்கெனவே இருக்கும் செயின் வாட்ச் இந்த ரூலை மீறவே இல்லை!

எங்கிருந்து வந்தது இது?

நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு வரை ஐரோப்பாவில் ஆண்கள் கையில் கடிகாரம் கட்டுவது அபூர்வம். கோட்டுக்குள் போடும் அங்கியின் பையில் சங்கிலியோடு வைத்திருப்பார்கள். கையில் கட்டுவது பெண்களின் அலங்காரம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர்தான் இதை மாற்றியது. பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கியோடு நிற்கிறவர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தோல் வாரில் கட்டிக் கையில் மாட்டினார்கள். போர் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது கையிலேயே தங்கிவிட்டது.

அப்படி வந்த தோல் வார், ஏற்கெனவே தோல் ஷூவும் தோல் பெல்ட்டும் போட்டிருந்த உடுப்போடு சேர்ந்தது. இங்கிலாந்தில் அந்த உடுப்புக்குக் கடுமையான எழுதாத சட்டங்கள் இருந்தன. நகரத்தில் அலுவலகம் போகிறவர் கறுப்பு ஷூ போட வேண்டும். பிரவுன் ஷூ கிராமத்துக்கும் வார இறுதிக்கும். வாட்ச் பெல்ட் அந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்துகொண்டது. குளிர் தேசம், கோட், மூடிய ஷூ, தினமும் தோலுக்குப் பாலிஷ் - இத்தனையும் சேர்ந்த ஒரு வாழ்க்கையிலிருந்து பிறந்த விதி இது.

அதே காலத்தில் நம் ஊரில்? காந்தி தன் கடிகாரத்தை இடுப்பு வேட்டியில் தொங்கவிட்டிருந்தார். ஷூவும் இல்லை, பெல்ட்டும் இல்லை, மேட்சிங்கும் இல்லை. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேசப்பட்ட கைக்கடிகாரம் என்றால் அது எம்.ஜி.ஆருடையதுதான், மெரினா சமாதியில் காதை வைத்து ‘டிக் டிக்’ சத்தம் கேட்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் ஆட்கள் குனிகிறார்கள். அதன் பெல்ட் என்ன கலர் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

தோலும் இங்கே, ஷூவும் இங்கே, வாட்ச்சும் இங்கே

வேடிக்கை என்னவென்றால், இந்த ரூலுக்குத் தேவையான எல்லாப் பொருளும் இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரோட்டில் போனால் பர்கூர். அங்கே ஷூ தொழிற்சாலை இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் வாணியம்பாடி, ஆம்பூர். தோல் பதனிடுவதிலும் ஷூ ஏற்றுமதியிலும் உலகத்துக்கே தெரிந்த ஊர்கள். எதிர்த்திசையில், பெங்களூரு ரோட்டில் போனால் ஓசூர், டைட்டன்.

டைட்டன் தனியார் கம்பெனி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்து ஆரம்பித்தது அது. ‘டாடா இண்டஸ்ட்ரீஸ்’, ‘தமிழ்நாடு’ என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் ‘டைட்டன்’. இன்றைக்கும் அதில் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் டிட்கோதான், கிட்டத்தட்ட 28 சதவீதம். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மயிரிழை அளவு வேலையைச் செய்ய வைத்து வளர்ந்த தொழிற்சாலை அது. அந்தப் பிள்ளைகளின் வாட்ச் பெல்ட் கலரைப் பார்த்தா எடுத்திருப்பார்கள்? விரல் எவ்வளவு நிதானமாக நிற்கிறது என்பதுதான் அந்த வேலைக்கு முக்கியம்.

டைட்டனுக்கு முன்னால் எச்.எம்.டி. காலம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூருவில் ஆரம்பித்தார்கள். எல்லையோரம் என்பதால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு அது ஏறக்குறைய உள்ளூர் வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டும். பத்தாவது பாஸ் பண்ணினால் வாட்ச், வேலை கிடைத்தால் வாட்ச், மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச். கல்யாண வாட்ச் என்றால் தங்க முலாம், கூடவே தங்கக் கலர் செயின். பட்டு வேட்டி ஜரிகை, மோதிரம், வாட்ச் மூன்றும் ஒரே மினுமினுப்பில் நிற்கும். இதற்குப் பெயர் மேட்சிங் இல்லையா? ஷூவை மையமாக வைக்காமல் ஜரிகையை மையமாக வைத்த மேட்சிங், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மவர்களுக்கு மேட்சிங் தெரியாது என்று யாராவது சொன்னால் அவரை அப்படியே பக்கத்தில் இருக்கும் ‘மேட்சிங் சென்டரு’க்குக் கூட்டிக்கொண்டு போகலாம். புடவைத் தலைப்பின் ஓரத்தைக் கடைக்காரரிடம் நீட்டி, ‘இந்தக் கலர் இல்லண்ணா, இன்னும் கொஞ்சம் டார்க்கா’ என்று நாற்பது பச்சைகளிலிருந்து ஒரு பச்சையைப் பிடிக்கிற அம்மாக்களிடம் கறுப்பு, பிரவுன் என்ற இரண்டு கலர் விதியைப் பாடமாக நடத்துவது கொஞ்சம் காமெடிதான்.

ஏன் இங்கே செயின் ஜெயித்தது?

வியர்வை. தோல் வார் வியர்வையைக் குடிக்கும். சித்திரை வெயிலில் டூ வீலரில் போய் வந்தால் உள்பக்கம் ஈரமாகிவிடும். அப்படியே கழற்றி அலமாரியில் வைத்தால் வாடை, பிறகு விறைப்பு, பிறகு துளை இருக்கும் இடத்தில் வெடிப்பு. குளிர் நாட்டில் வருடக்கணக்கில் வரும் பெல்ட் இங்கே சீக்கிரமே பல்லைக் காட்டிவிடும். செயினுக்கு அந்தத் தொல்லை இல்லை. துணியால் துடைத்தால் முடிந்தது. கை மெலிந்தால் ஒரு கண்ணியை எடுக்கலாம், குண்டானால் எடுத்ததையே திரும்பச் சேர்க்கலாம். சில பேருக்கு முடி மாட்டி இழுக்கும், அதைத் தவிர பெரிய குறை சொல்ல முடியாது. தினமும் ஒரே வாட்ச்சைக் கட்டுகிற குடும்பம் செயினைத் தேர்ந்தெடுத்தது நாகரிகம் தெரியாததால் அல்ல, கணக்குத் தெரிந்ததால்.

பிரவுன் ஷூ போட்டதால் வேலை போனவர்கள்

‘சரி, ஒரு சின்ன டிப்ஸ்தானே, இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?’ என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்ததைப் பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தெரியாது. 2016 செப்டம்பரில் அந்நாட்டின் சமூக முன்னேற்றத்துக்கான ஆணையம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. லண்டனின் முதலீட்டு வங்கிகளில் ஏழை, நடுத்தரக் குடும்பத்துப் பட்டதாரிகள் ஏன் குறைவாகவே சேர்கிறார்கள் என்று ஆராய்ந்த அறிக்கை. அதில் வந்த காரணங்களில் ஒன்று பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி ஆனது: சூட்டோடு பிரவுன் ஷூ! படிப்பில் குறை இல்லை, மார்க்கில் குறை இல்லை. ஆனால் பிரவுன் ஷூ, அளவு சரியில்லாத சூட், பளிச்சென்ற டை போன்றவற்றைப் பார்த்ததும் ‘இவர் நம்ம ஆள் இல்லை’ என்று சிலர் முடிவு கட்டினார்கள். இந்த ரூல் எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை. பணக்காரப் பள்ளியில் படித்தவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கலர் மேட்சிங் அழகுக்காக இருக்கும் வரை யாருக்கும் நஷ்டம் இல்லை. ‘இது தெரிந்தவன் உள்ளே, தெரியாதவன் வெளியே’ என்று ஆகும்போது அது சல்லடை. அந்தச் சல்லடை எதைச் சலிக்கிறது? திறமையை இல்லை, அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதை.

தமிழ்நாடு இந்த மாதிரி ஒரு சல்லடையை ஏற்கெனவே சட்டம் போட்டே உடைத்திருக்கிறது. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஊரே கொந்தளித்தது. அடுத்த மாதமே சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறியது. வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடத்துக்குள் விடாமல் தடுத்தால் உரிமம் ரத்து வரை போகலாம். நீதிபதிக்கு நடந்ததால் சட்டம் வந்தது. இன்டர்வியூ அறையில் மௌனமாக மார்க் குறைக்கப்படும் ஒரு டிப்ளமோ பையனுக்கு எந்தச் சட்டமும் இல்லை. அவனுக்குக் குறைந்தது என்பதே அவனுக்குத் தெரியாது.

ஓசூர் ஹெச்.ஆர்.கள் எல்லாம் வாட்ச் பெல்ட்டைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று இங்கே சொல்லவில்லை. புரொடக்‌ஷன் லைனுக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு அதற்கு நேரமும் இருக்காது. ஆனால் ‘குரூமிங்’ என்று ஒரு வகுப்பு நடத்தி, அதில் வாட்ச் பெல்ட் வரை இழுக்கிற பயிற்சியாளர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம்: இது வேலைக்கான தகுதி இல்லை, சில இடங்களின் பழக்கம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு?

வாட்ச்சைக் கழற்றச் சொல்வார்கள். நிஜமாகவே. சுழலும் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் கையில் வாட்ச், மோதிரம், கயிறு எதுவும் இருக்கக் கூடாது. மாட்டினால் கையோடு போய்விடும். மாம்பழக் கூழ் ஆலை போன்ற உணவுத் தொழிற்சாலைகளிலும் வாட்ச் கூடாது. கழன்று விழுந்தால் உணவில் கலந்துவிடும். மின்னணுப் பொருள் தயாரிக்கும் இடங்களில் வாட்ச் இருக்கும் மணிக்கட்டில் வேறொரு பட்டையைக் கட்டுவார்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சின்னச் சின்ன பாகங்களைப் பொசுக்கிவிடாமல் இருக்க, ஒயர் வழியாக அதை எர்த்துக்கு அனுப்புகிற பட்டை அது. காலில் கம்பெனி கொடுக்கும் சேஃப்டி ஷூ, உடம்பில் கம்பெனி யூனிஃபார்ம். இன்டர்வியூவுக்காகக் கடன் வாங்கி மேட்ச் பண்ணியது எல்லாம் அந்த ஒரு நாளுக்குத்தான்.

இன்னொன்று, இந்த ரூல் முழுக்க ஆண்களுக்காக எழுதப்பட்டது. போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா ஆலையை முழுக்கப் பெண்களை வைத்தே நடத்தப்போவதாக 2021-ல் அறிவித்தார்கள். ஓசூர்ப் பக்கம் மின்னணு ஆலைகளின் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள். சுடிதாரும் செருப்பும் போட்டு இன்டர்வியூவுக்கு வரும் பெண்ணிடம் ஷூவுக்கும் இடுப்பு பெல்ட்டுக்கும் மேட்ச் பண்ணு என்றால் எதை எதோடு பண்ணுவார்? பெண்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு கையில் வளையல், ஒரு கையில் வளையல் மாதிரியே மெல்லிய செயின் வாட்ச். போன தலைமுறை டீச்சர்களும் நர்ஸ்களும் டயலை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எந்த ஸ்டைல் புத்தகத்திலும் இல்லாத, வேலைக்கு வசதியான பழக்கம் அது.

‘தெரிஞ்சு வெச்சுக்கிட்டா என்ன தப்பு?’

தப்பே இல்லை. பெங்களூருவில் ஆபீஸ் வேலைக்கோ, பேங்க் வேலைக்கோ, வெளிநாட்டு க்ளையன்ட்டைச் சந்திக்கிற வேலைக்கோ போகிறவருக்கு இது உதவும். போர்டில் எழுதி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தால் இந்த ரூலின் பாதி விஷம் இறங்கிவிடும். செலவு வைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். இன்டர்வியூவுக்குப் புது வாட்ச் வாங்கவே வேண்டாம். கையில் ஸ்டீல் செயின் வாட்ச் இருந்தால் அப்படியே கட்டிக்கொண்டு போகலாம். இருப்பது ஸ்மார்ட் வாட்ச் என்றால் கறுப்புப் பட்டை போதும். பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சைப் பட்டையை மட்டும் அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்வது பட்டையை விட முக்கியம். பேசிக்கொண்டிருக்கும்போது கை மினுக் மினுக் என்று எரிந்தால் எதிரில் இருப்பவரின் கண் அங்கேதான் போகும். வாட்ச்சே இல்லையா? இல்லாமலே போகலாம். யாரும் மணி கேட்கப் போவதில்லை.

தோல் பெல்ட்தான் பிடிக்கும் என்றால் முதலில் ஷூவைப் பாருங்கள். ஒரே ஒரு ஜோடி ஷூ இருக்கிறவருக்குக் குழப்பமே இல்லை, அந்தக் கலரில் ஒரு பெல்ட். கறுப்பு, பிரவுன் இரண்டும் இருந்தால் ஒரே வாட்ச்சுக்கு இரண்டு பெல்ட் வைத்துக்கொள்ளலாம். வாட்ச்சே இரண்டு தேவையில்லை. பஜாரில் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர் கடையில் சில நூறு ரூபாய்க்குள் நல்ல பெல்ட்டே கிடைக்கும். வாங்கும்போது வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெல்ட் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் அளவு. ஆண்கள் வாட்ச்சில் பெரும்பாலும் 18, 20 அல்லது 22 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பெல்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், கூடினால் உள்ளே போகாது. பழைய பெல்ட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னைக் கத்தி முனையால் நெம்ப வேண்டாம். அது தெறித்துப் போனால் தேடிப் பிடிப்பது கஷ்டம், வாட்ச் கேஸிலும் கீறல் விழும். கடைக்காரர் ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பார், துளை பத்தாவிட்டால் ஒன்று போட்டும் தருவார். கழற்றிய பெல்ட் நல்ல நிலையில் இருந்தால் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.